கல்யாண மண்டபத்தில் என் பல்

நேற்று மாலை மகன் கூடத்தில் உட்கார்ந்து தெர்மகோலை வெட்டிக்கொண்டிருந்தான். பிளேடு போகிற கிறீச் சத்தம் ஒருபக்கம், பசை வாடை ஒருபக்கம். எனக்கு அந்த வாடையே ஆகாது. என்னடா இது என்றேன். அவன் கல்லூரிப் பேராசிரியர்கள் தங்கள் ஆராய்ச்சியை மக்களுக்கு விளக்கிச் சொல்லும் கண்காட்சியாம். "பொதுமக்கள் எல்லாம் வருவாங்கம்மா" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பொதுமக்களில் ஒருத்தியாக நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன் என்று பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொழுது சாயும் வரை குச்சி அடைக்க வேண்டும். எங்கள் ஊர் இருப்பது புதூருக்கு அந்தப் பக்கம். ஆபீஸ் வேன் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. வெயிலடித்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஊருக்குக் குடிக்க ஒரே ஒரு கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கறை. எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. வெள்ளைப் பல்லைப் பார்த்தால்தான், இது யார் வீட்டு விருந்தாளி என்று விசாரிப்போம்.

அந்தக் கறையைத் தேடித்தான் ஜீப்பில் வந்தார் ஒரு பேராசிரியர். கூட நாலைந்து மாணவர்கள், கழுத்தில் கேமரா. பள்ளிக்கூட வராந்தாவில் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். படத்தைப் பார்த்தால் அரசாங்கத்துக்கு உறைக்கும், நல்ல தண்ணீர் வரும் என்றார்கள். எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "ஏட்டி, மூஞ்சியக் கழுவிட்டுப் போ. கலர் போட்டோ புடிக்காவளாம்!"

சும்மா போவேனா? பவுடரை அப்பி, மை தீட்டி, ரோஸ் தாவணி கட்டிக்கொண்டு போய் நின்றேன். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அந்த மிதப்பு வேறு. மாப்பிள்ளை செல்வம், விளாத்திகுளத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அவர் அம்மா பெண் பார்க்க வந்தபோதே என் பல்லைப் பார்த்துவிட்டுச் சிரித்தவள்தான். "கல்யாணமானா வெத்தல போடத்தான போறா, பெறகு எல்லாப் பல்லும் ஒண்ணுதான்" என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனவள்.

கண்காட்சி நடந்தது கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் முதலாளிதான் வரவேற்புக் குழுத் தலைவர். கூட்டம் சேரவேண்டுமே, ஆபீஸைப் பாதியில் மூடி எங்களை வேனிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். அன்றைக்குத்தான் அத்தையும், செல்வத்தின் அம்மாவைத்தான் சொல்கிறேன், முகூர்த்தப் பட்டு எடுக்கக் கோவில்பட்டி வருவதாக இருந்தது. அவளை மண்டபத்துக்கே வரச் சொல்லியிருந்தேன்.

சுற்றிலும் தெர்மகோல் பலகைகள். அதில் ஒன்றில் வெறும் வாய். பவுடர் பூசிய கன்னமும் இல்லை, மை தீட்டிய கண்ணும் இல்லை. மூக்குக்குக் கீழே நறுக்கிவிட்டார்கள். கீழே எங்கள் ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "அத்த, இது என் பல்லுதான்" என்று காட்டிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த பலகையில் முழங்கால் வளைந்து நிற்கிற ஒரு பிள்ளையின் படம். நாள்பட்டால் எலும்பும் இப்படி ஆகலாம் என்று எழுதியிருந்தது. அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பேராசிரியர் மேடையில் நெடுநேரம் பேசினார். கடைசியில், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று மைக்கை நீட்டினார். அத்தை எழுந்தாள்.

"ஐயா, இந்த ஊர்ல பொண்ணெடுத்தா, பொறக்கப் போற பிள்ளைக்கும் இப்பிடி வருமாய்யா?"

வராது என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? குற்றம் கிணற்றில், பெண்ணிடம் இல்லை என்று சொன்னால் அவர் சொத்தா கரைந்துவிடும்? அந்த மனுஷர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "நல்ல கேள்வி. அந்தக் கோணத்தில் நாங்கள் ஆராயவில்லை. உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. மேலும் ஆய்வு தேவைப்படுகிறது." எல்லாரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், வராதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். அவிய எனக்கு மாமியாரா வரப்போறவிய."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஆய்வுல இல்லாதத மேடையில சொன்னா நாளைக்கு நாலு பேராசிரியர்கள் என்னைக் கேள்வி கேப்பாங்க."

"எங்க அத்த கேட்டது கேள்வி இல்லையா சார்? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

மாணவர்கள் என்னை நகர்த்திக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். அத்தை அதற்குள் விளாத்திகுளம் பஸ் ஏறிவிட்டிருந்தாள். பட்டு எடுக்கவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினாள். செல்வம் மட்டும் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"எங்கம்மா ஒத்துக்கிட மாட்டுக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"அந்த வாத்தியாருட்டப் போயி கேளுங்க. ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுவாரு" என்றேன். திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறிவிட்டேன். ஊர் வந்து சேரும்வரை அழுதேன். உள்ளே இருந்தவர்கள் யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவர்களில் இன்னும் இரண்டு பெண்களுக்கு அதே மாதத்தில் பேச்சு முறிந்தது.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது, தூரத்து ஊரில். நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள், பல்லும் காலும் பழுதில்லை. ஆய்வு முடிந்துவிட்டது, அந்தப் பேராசிரியருக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை.

குழாய்த் தண்ணீர் சில வருஷம் கழித்து வந்தது. அந்தக் கண்காட்சியால்தான் வந்தது என்கிறார்கள். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அதற்காக அவரை மன்னிக்கவும் மாட்டேன். கிணற்றை மூடியாகிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வேனும் இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை. இன்னொன்றும் போயிற்று. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு எங்கள் பெண்களின் கல்யாணப் பத்திரிகையில் 'புதூர் அருகில்' என்றுதான் அச்சடிப்பார்கள். பஸ்ஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால், புதூர் பக்கம் என்போம். அப்படியே பழகிப் போய்விட்டது. இவ்வளவு நேரம் உங்களிடம் வாய் ஓயாமல் பேசினேனே, எங்கள் ஊர்ப் பெயரை ஒரு தடவையாவது சொன்னேனா?