நடாமல் விட்ட கிளை

திருநீர்மலை ஏரிக்கரைச் சாலையில் பக்கத்து வீட்டு சேவியரும் நானும் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டுவோம். சந்தடியில்லாத சாலை. ஒருநாள் நான் தனியாகப் போனபோது, வளைவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். ஓய்வுபெற்ற அதிகாரியாயிற்றே, வீடு திரும்பி, புகைப்படம் இணைத்து, உரிய அலுவலகத்துக்கு மனு அனுப்பி, ஒப்புகை எண்ணும் பெற்றேன். நகல் பெறுவோர் பட்டியலில் சேவியர் இல்லை. அவரிடம் சொல்லவே தோன்றவில்லை.

மறுநாள் எனக்கு முன்பே கிளம்பியவர் அதில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பார்க்கப் போனபோது, முந்தின நாளே மனு அனுப்பி ஒப்புகை எண் வாங்கியதைச் சொன்னேன்.

"ஒரு கெளைய ஒடிச்சு நட்டு வச்சிருக்கலாமே சார்," என்றார் மருத்துவமனையில் அவர் மனைவி.

"விடும்மா, சார் நம்பர் வாங்கி வச்சிருக்காரு," என்றார் சேவியர்.

இனி அவர் சைக்கிள் ஏற முடியாது. நான் தனியாக ஓட்டுகிறேன். பள்ளத்தைக் கண்டால் முதலில் இலையோடு ஒரு கிளையை நடுகிறேன், பிறகுதான் மனு. முதல் கிளையை அதே வளைவில் நட்டேன். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.