குழாய் மாமா வைஃபை திறந்துவிடுகிறார்

காலை ஆறு மணிக்குக் குழாய் மாமா முக்காலியில் ஏறி வைஃபையைத் திறந்துவிடுகிறார். போடுகிறார், ஆன் செய்கிறார் என்று நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவர் அகராதியில் திறந்துவிடுவதும் மூடுவதும்தான் உண்டு. முந்தைய நாள் இரவு பத்து மணிக்கு மூடியதைத் திறந்துவிட்டு, பச்சை விளக்கு வரும்வரை பரணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். வந்ததும் தன் கைப்பேசியில் ஏதோ ஒரு பாட்டை வீடியோவோடு ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து, ஃப்ரிட்ஜின் மேல் குப்புறக் கவிழ்த்து வைக்கிறார். அதை யாரும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்காக ஓடவிடுவதும் இல்லை.

"ராத்திரி பூரா லைன்ல தேங்கி நின்னதும்மா. மொதல் பத்து நிமிஷம் கலங்கலாத்தான் வரும். அத வடிய விட்டுட்டுத்தான் பயன்படுத்தணும்."

முப்பத்தோரு வருடம் குடிநீர்த் துறையில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்தவர். இந்தப் பகுதியில் யார் எப்போது குளிக்கலாம் என்பதை அவருடைய மணிக்கட்டுதான் முடிவு செய்துகொண்டிருந்தது. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் குழாய் மாமா என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது; சட்டைப்பையில் கையகல ஸ்பேனரும் அப்படியே. சொட்டுகிற குழாயைக் கண்டால் அது யார் வீடு என்று பார்க்க மாட்டார். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர், பக்கத்துக் கிண்ணத்தின் குழாய் சொட்டும் சத்தம் கேட்டு, வாயில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்து, அதை இறுக்கிவிட்டுத்தான் மறுபடி படுத்தாராம். இதைச் சொன்னவர் அந்த மருத்துவரே. அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நான் அடுத்த வீட்டுக்காரி. நடுவில் ஒரே ஒரு சுவர்தான் என்பதால் மாமாவின் ஆராய்ச்சி எல்லாம் எனக்கு ஒன்று விடாமல் கேட்கும். ரவுட்டரைப் பரணின் உச்சியில், பழைய அலுமினியப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஏற்றி வைத்தவர் அவர்தான். "தொட்டி ஒசரத்துல இருந்தாத்தான் கீழ ப்ரெஷர் கெடைக்கும்" என்பது அவர் சித்தாந்தம். பாத்திரங்கள் மறைக்கின்றனவே என்று அவர் மகள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயர் வளைந்தால் வளைவில் அடைத்துக்கொள்ளும் என்று, அதைக் கூடத்தின் குறுக்கே கழுத்து உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினார். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை நாலு நாள் குனிந்து குனிந்து போய்ப் பார்த்தார்; ஐந்தாம் நாள் அதில் துணி காயப்போட்டுவிட்டார். ஜன்னல் இடுக்குகளில் பழைய துண்டைக் கிழித்துச் சொருகியதும் மாமாதான். இல்லாவிட்டால் வைஃபை தெருவுக்கு வழிந்துவிடுமாம்.

இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கு அவர் தொலைபேசியில் புகார் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"என்ன பிரச்சினை சார்?"

"ப்ரெஷர் இல்லம்மா. விடிகாலைல நல்லா வருது, பத்து மணிக்கு மேல நூலா வருது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா சார்?"

"தெனம் மூடித் தெறக்கறேன். மெயின் லைன்ல எங்கயோ கசிவு இருக்கு. ஆள் அனுப்பித் தோண்டிப் பாருங்க."

"தோண்டறதா சார்?" என்றாள் அந்தப் பெண். மறுபடி ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இதெல்லாம் விளையாட்டாகவே போயிருக்கும். ஆனால் மகளின் வேலை அந்த வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களுக்கு வீடியோவில் விளக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் பாதிக் கேள்வியில் இருக்கும்போது இவள் முகம் உறைந்துவிடும். அதுவும் எப்போதும் கொட்டாவி விடுகிற மாதிரிதான் உறையும். ஒரு திங்கட்கிழமை மேலாளர் கடிதமே எழுதிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானே உட்கார்ந்து பார்ப்பதாகவும், அன்றும் இப்படி இழுத்தால் தலைமை அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்றும். தலைமை அலுவலகம் ரயிலில் எட்டு மணி நேரம்.

"போகணும்னா போகட்டும். அங்க தண்ணி நல்லா இருக்கும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு அன்று மதியம் சாப்பிடவில்லை. ஒரே மகள். அவள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்த பத்து நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் எனக்கே பைத்தியம் பிடித்தது என்றால், அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மறுநாளே கசிவு தேடும் படலம் தொடங்கியது. முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார். பொதுச் சுவரில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலை உயர்த்தினார்.

"இந்தப் பக்கம் என்னமோ ஓடுதும்மா."

ஓடத்தான் செய்தது. என் கைப்பேசி, என் கணவரின் கணினி, கூடத்துத் தொலைக்காட்சி மூன்றும் மாமாவின் வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு நாளைக்கு என்று மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டு வாங்கிய பாஸ்வேர்டு அது. "ஃப்ரிட்ஜா இருக்கும் மாமா" என்று மென்று விழுங்கினேன்.

குட்டு புதன்கிழமை வெளிப்பட்டது. ஏதோ ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மகள் கணினியில் எதையோ திறந்து, வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்திருந்தாள். இருபத்துமூன்று. வீட்டில் இருப்பதோ மூன்று பேர்.

"யாருப்பா இவங்கல்லாம்? நம்ம லைனத் திருடறாங்க!"

மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தில் கோபம் வரவில்லை, பெருமை வந்தது. "இது தையக்கடை அம்மா. இது முடி வெட்டறவரு. இது மாடி வீட்டு வாத்தியாரு, ரிட்டையர்டு. இது அவரு சம்சாரம், தனி கனெக்ஷன். இந்த மூணும் நம்ம பக்கத்து வீடு" என்று என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். எனக்கு அங்கேயே புதைந்துபோனால் தேவலை என்றிருந்தது.

"நீங்களா குடுத்தீங்க? எல்லாருக்குமா?"

"கேட்டாங்க. முப்பத்தோரு வருஷத்துல கேட்டவங்க யாருக்கும் கனெக்ஷன் இல்லன்னு நான் சொன்னதில்ல."

"அப்ப ஜன்னல்ல துணி எதுக்குப்பா சொருகினீங்க?"

"அது கசிவு. இது கனெக்ஷன். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

அத்தை தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். மகள் இப்போதே பாஸ்வேர்டை மாற்றுகிறேன் என்று கிளம்பினாள். மாமா கணினியின் மேல் கையை வைத்து மறித்தார்.

"கட் மட்டும் பண்ணாதம்மா. பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் தெருவுல நடப்பேன்? ஒரு மணி நேரம் சப்ளைய நிறுத்திக் குடுக்கறேன். அது என் பொறுப்பு."

"அப்பா, இது என் வேலைப்பா." அவள் குரல் உடைந்துவிட்டது.

"தெரியும்மா." அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ரவுட்டர் பரணை விட்டு இறங்கி அவள் அறைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவள் ஒப்புக்கொண்டாள். கீழே வைத்தால் ஏறாது என்று மாமா கடைசிவரை வாதாடினார். முடிவில் அவள் மேசை மேல், முக்காலி மேல், ரவுட்டர் உட்கார்ந்தது.

வியாழக்கிழமை மாலை அவர் தெருவில் இறங்கினார். பழைய சீருடைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, துறையில் இருந்த காலத்துக் குரலிலேயே அறிவித்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணியில இருந்து பதினோரு மணி வரைக்கும் சப்ளை கெடையாது. வேணுங்கறத முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கோங்க!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிடித்து வைத்துக்கொண்டார்கள். தையற்கடை அம்மா நாற்பது விதமான கழுத்து வெட்டுகளைச் சேமித்துக்கொண்டார். வாத்தியார் ஒரு தொடரின் பதினாறு பாகங்களைப் பிடித்தார். அவர் மனைவி அதே பதினாறையும் தனியாகப் பிடித்தார். முடி வெட்டுகிறவர் மட்டும் கவலையோடு, "பதினோரு மணிக்கு நல்லா வந்துருமா மாமா?" என்று கேட்டார். "மொதல் பத்து நிமிஷம் வடிய விட்டுருங்க" என்று வழக்கமான பதில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை. பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெரு முழுக்கக் கைப்பேசிகள் அணைந்தன. நானும் மூன்றையும் அணைத்துவிட்டு, துணைக்கு இருக்கலாம் என்று அங்கே போனேன். மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நடையில் இருந்த குழாயின் அடியில் வாளியை வைத்துத் திறந்துவிட்டார் மாமா. அத்தை கேட்டது என்னவோ அரை வாளிதான். அவர் கைக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

இருபது நிமிடம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு கதவுக்குள்ளிருந்து, "ஹலோ? கேக்குதா சார்? ஹலோ?" என்று வந்தது. மாமா வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினார்.

"யாரு பிடிக்கறது? யாரு?"

"நாங்க இல்ல மாமா!" முடி வெட்டுகிறவர் ஒரு கையில் கத்தரியும் மறு கையில் அணைந்த கைப்பேசியுமாக வெளியே வந்தார், பின்னாலேயே பாதித் தலையோடு ஒருவரும் வந்தார். வாத்தியார் மனைவியைக் கை காட்டினார். மனைவி வாத்தியாரைக் காட்டினார். எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

அந்த நேரத்தில் வாசலிலிருந்து சமையலறைக்குத் திரும்பி வந்த எனக்கு மெல்லிசாக ஒரு பாட்டு கேட்டது. ஃப்ரிட்ஜின் மேலிருந்து. காலை ஆறு மணிக்குக் கலங்கலை வடிய விடுவதற்காகக் கவிழ்த்து வைத்த மாமாவின் கைப்பேசி, பதற்றத்தில் யாரும் நிறுத்தாததால், ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு என்று நாலு மணி நேரமாகத் தன்பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். தன் வீட்டுக் குழாயே ஒழுகுகிறது என்று ஊரார் முன்னால் தெரிந்துபோனவர் முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதை அணைத்தார். போதாதென்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இப்ப தெளிவா இருக்கா சார்? சரி சார், தொடர்றேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாமா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். பூமிக்கடியில் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்ட அதே காது. அவள் பேசினாள், சிரித்தாள், நீளமாக எதையோ விளக்கினாள். வாளி நிரம்பி வழிந்தது. தண்ணீர் நடையில் ஓடி எங்கள் காலை நனைத்தது.

"மாமா, குழாய்..." என்றேன்.

"உஷ். அவ பேசறா."

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. "அப்பா, நான் அங்க போக வேணாமாம். இங்கருந்தே பாக்கலாம்னு சொல்லிட்டாரு!"

மாமா கேட்டது ஒன்றுதான். "ப்ரெஷர் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா" என்றவள் கீழே பார்த்துவிட்டு, "ஐயோ அப்பா, குழாய்!" என்று கத்தினாள்.

அது அவர் காதில் விழவே இல்லை. குழாயை நான்தான் போய் மூடினேன். மாமா ஈரக் காலடி பதியப் பதிய வாசலுக்கு நடந்துபோய், அங்கே காத்திருந்த தெருவைப் பார்த்துக் கையை உயர்த்தி, பெரிய வால்வைத் திறக்கிற மாதிரி மணிக்கட்டை இடப்பக்கமாக மூன்று முறை திருகினார்.