கரையேறாத கவிதை

என் மனைவி இறந்த பின், அவள் நடத்திவந்த கவிதை வகுப்பை ஏற்கும்படி துறைமுகத்தை ஒட்டிய பாலிடெக்னிக்கில் என்னைக் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் யாப்பு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மறுத்திருக்கலாம். ஆனால் அவளுடைய மாணவர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் வீடு திரும்பும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி இருக்கும். அது என்னால் வந்ததல்ல என்பதை நெடுநாளாக அறிந்திருந்தேன்.

மெக்கானிக்கல் படிப்பவர்கள், பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பத்தினர். கவிதை என்றால் முதலில் ஓடுவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். என்னிடம் ஓடவும் இல்லை. வாசித்தால் மௌனம். எழுதச் சொன்னால் வெள்ளைத்தாள் திரும்பி வந்தது. அவளுக்குக் கொடுத்ததை எனக்கு மறுக்கிறார்கள் என்று எண்ணினேன். என் வயதுக்கு ஒவ்வாத எண்ணம், ஆயினும் இருந்தது.

ஒருநாள் கேட்டே விட்டேன்: "மேடம் சொன்னால் மட்டும்தான் எழுதுவீர்களா?"

புன்னைக்காயல் கிராமத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அப்படியில்ல சார். கரையில நின்னு எல்லாரும் சேந்து கரைவலை இழுக்குத மாதிரி கவிதைய இழுக்கச் சொல்லுவாவ. அந்தா பீரோவுல ஒரு கயிறு இருக்கு, அதப் பிடிச்சிட்டு நிப்போம். ஆளுக்கொரு வரி. கடைசி ஆளு முடிச்சாத்தான் கரையேறும்."

"சரி, இழுக்க வேண்டியதுதானே?"

"ஒண்ணு பாதியில நிக்கு சார். மேடம் மொத வரி சொன்னாவ, பெல் அடிச்சிட்டு. அடுத்த வாரம் இழுப்போம்னு போனாவ. ஒரு வலை தண்ணியில கெடக்கையில இன்னொண்ண வளைக்க மாட்டோம்லா."

"வளைச்சாலும் சார் வலையில மீன் படாதுல," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"ஏலே, சும்மா இரி," என்று அவனை அதட்டினாள் அவள்.

அந்த வரியைக் கேட்டேன். சொன்னாள்: "எங்கள் வீட்டில் ஒருவருக்கு அலை கேட்பதில்லை."

அந்த ஒருவர் யார் என்று அங்கே எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. என்னைப் பற்றிய வரியை என்னைத் தவிர எல்லோரும் வைத்திருந்தார்கள். 'ஒருவருக்கு' என்ற சொல்லுக்குப் பின் அந்தப் பெண் சற்றே நிறுத்தினாள். அது என் மனைவியின் நிறுத்தம். அதையும் இவர்களுக்குக் கொடுத்திருந்தாள்.

இழுக்கலாம் என்றேன். பீரோவிலிருந்து அந்த நைலான் கயிற்றை எடுத்து வரிசையாக நின்றார்கள்.

"அவரு சன்னலச் சாத்திட்டுப் படிக்காரு," என்றான் ஒருவன்.

"எங்கம்மைக்கு விடிய விடியக் கேக்கும், அப்பா கடல்ல கெடந்தா," என்றான் அடுத்தவன்.

நல்ல வரிகள். அவள் வரியை அடுத்து நிற்க எனக்கே உரிமை என்று நினைத்திருந்தேன். அந்த இடம் நிரம்பிக்கொண்டிருந்தது. கடைசியில் கயிற்றின் முனை என் கைக்கு வந்தது.

"முடிங்க சார்."

என்னிடம் ஒரு வரி இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் கவிதை கரையேறி இந்த மாணவர்களுடையதாகிவிடும்; எனக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

"அடுத்த வாரம் இழுப்போம்," என்றேன்.

"ரொம்ப நாள் கெடந்தா வலை கிழிஞ்சிரும் சார்."

கயிற்றைச் சுருட்டி என் பைக்குள் வைத்தேன். பீரோவைத் திறந்து காத்திருந்த அந்தப் பெண் அதைப் பார்த்தாள். கதவை மெதுவாக மூடினாள்.

"அடுத்த வாரம் வாரப்ப கயித்த மறக்காம கொண்டாந்துருங்க சார்," என்றாள்.