மடி கரைக்கு வரும்வரை

கடலில் இறங்க அனுமதி கேட்டு வந்தவர்களை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். கடல் யாருடைய காணியும் இல்லை. ஆனாலும் சாய்ந்தமருதுக் கரையில் வாப்பாவின் கரைவலை நீருக்குள் கிடக்கும்போது, அதன் இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் இருக்கிற கடல் வாப்பாவுடையது. அதைப் ‘பாடு’ என்போம். மீன் சேருகிற மடி கரைக்கு வரும்வரை பாட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. கரையில் நின்று சண்டை பிடிக்கவும் கூடாது. சண்டைச் சத்தம் கேட்டால் மீன் திரும்பிப் போய்விடும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். மீனுக்குக் காது இருக்கிறதா என்று ஒருநாள் வாப்பாவிடம் கேட்டேன்.

“உனக்கு இரிக்கிதானே புள்ள, நீ சொல்றதக் கேட்டா நடக்கிறாய்?” என்றார்.

அன்று காலை நான் வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். ஒரு வான் வந்து மணல் தொடங்குகிற இடத்தில் நின்றது. வெள்ளை உடுத்த ஆண்களும் பெண்களும் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் கட்டையான மனிதர், களிசானை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். அவர்தான் பாஸ்டர். அவருக்குப் பின்னால் உம்மாவின் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். கட்டிப்போடாத நாயைப் பார்ப்பதுபோலக் கடலைப் பார்த்தார்.

“வணக்கம் காக்கா. நாங்க சாகாமத்தில இருந்து வாறம். இந்தத் தங்கச்சிக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். கொஞ்ச நேரம் கடலுக்க இறங்க விடுவீங்களா?” என்று பாஸ்டர் வாப்பாவிடம் கேட்டார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

“அவ்வளவு பெரிய குளம் அங்க கிடக்க, இஞ்ச ஏன் வந்தீங்க?”

“குளத்தில விடமாட்டம் எண்டுட்டாங்க. பக்கத்துக் கடலுக்குப் போனா முழுக்க இவவுட சொந்தக்காரர் காக்கா.”

வாப்பா கல்முனையில் மிஷன் பாடசாலையில் படித்தவர். வெள்ளைக்காரர்கள் வேதம் சொல்ல இந்தக் கடல்வழியாக வந்து, கோயிலும் கட்டி, அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடமும் கட்டியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த வேதம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. கணக்குப் பாடம் ஏறியது. அந்த உறவால் வேதக்காரர் விஷயத்தில் தனக்கும் பாதி ஞானம் உண்டென்பது வாப்பாவின் எண்ணம்.

“பெரிய சேர்ச்சில புள்ளையள்ற தலையில கொஞ்சம் தண்ணி தெளிக்கிறதக் கண்டிருக்கன். நீங்க ஏன் ஆள முழுசா முக்கிறீங்க?”

“அது அவங்கட முறை காக்கா, இது எங்கட முறை. பழைய ஆளத் தண்ணிக்க அடக்கம் செய்யிற மாதிரி. எழும்பி வாறது புது ஆள்.”

 எனக்குச் சொன்னதை அப்படியே நம்புகிற வயது. இந்தப் பெண் உள்ளே போவார், வேறொரு பெண் வெளியே வருவார். வருகிறவருக்கு எந்த முகம் இருக்கும்? இவரை விட உயரமா, குள்ளமா? தேத்தண்ணிப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

“மடி வரட்டும்” என்றார் வாப்பா. “அதுக்குப் பொறகு ஊரையே கொண்டந்து முக்குங்க.”

பாஸ்டரின் முகம் வாடிவிட்டது. வாப்பாவுக்குக் கிட்ட வந்து தாழ்ந்த குரலில் கதைத்தார். அந்தப் பெண்ணுக்குப் புருஷன் இல்லை. தம்பியின் வீட்டில் இருக்கிறார். ஞானஸ்நானம் எடுத்தால் என் வாசல் மிதிக்காதே என்று தம்பி சொல்லிவிட்டான். சொல்லாமல் விடியவே புறப்பட்டு வந்திருக்கிறார். இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் துரத்தி வருகிறான்.

“அக்கரைப்பற்றுச் சந்தியத் தாண்டிட்டானாம் காக்கா. தண்ணியில இறங்க முந்தி வந்தா இழுத்துக்கொண்டு போயிருவான்.”

வாப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார். கயிற்றில் நின்ற ஆட்களையும் பார்த்தார்.

“இவங்கட வயிறும் இந்த மடிக்குள்ளதான் கிடக்கு பாஸ்டர். ஒண்டு செய்யலாம். கை கூடினா வலை கெதியா வரும்.”

அப்படித்தான் வெள்ளை உடுப்புக்காரர்கள் எல்லாரும் எங்கள் கயிற்றைப் பிடித்தார்கள். வலைகாரருக்குச் சொல்லவா வேண்டும்!

“மனிசரப் புடிக்க வந்தவங்களுக்கு மீன் புடிக்கவும் ஏலுமோ?” என்று ஒருவர் சீண்டினார்.

“எங்கட ஆண்டவரோட முதல் சேர்ந்ததே வலைகாரங்கதான் காக்கா” என்றார் பாஸ்டர், மூச்சு வாங்க.

“அப்ப நம்மட ஆள்தான்டா! இழு!”

எங்கள் ஆட்கள் ஏலேலோ போட்டார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வேதப்பாட்டை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டுக்கும் கயிறே தாளமாகிவிட்டது. ஞானஸ்நானத்துக்கு வந்த பெண்ணும் இழுத்தார். வயலில் வேலை செய்த கை, கயிறு அவரிடம் வழுக்கவில்லை.

மடியின் மிதப்பு தெரியத் தொடங்கும்போது மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது.

“அக்கா! ஏறு. ஊட்ட போவம்.”

பாட்டு நின்றது. அந்தப் பெண் கயிற்றை விடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவன் மணலில் கால் புதையப் புதைய ஓடிவந்தான். வாப்பா சத்தம் போடாமல் குறுக்கே போய் நின்றார்.

“தம்பி, வலை தண்ணிக்க கிடக்கு. சண்டை புடிக்கிறெண்டா மடி வந்த பொறகு புடிங்க. அதுவரைக்கும் கயித்தப் புடிங்க.”

அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மழை வருகுது, குடையை எடு என்று சொல்வதுபோலச் சொன்னார். அவன் கடலுக்குள் கிடந்த கயிற்றைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவுக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரிக் குதிக்காலை ஊன்றி, ஒரே மாதிரித் தோளைச் சாய்த்து இழுத்தார்கள். 

மடி கரையேறியது. கீரி மீன் துள்ளியது. மீனை யாரும் பார்க்காத ஒரு நாளை அன்றுதான் கண்டேன். அந்தப் பெண் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நேரே கடலுக்குள் நடந்தார். பாஸ்டர் பின்னால் ஓடினார்.

“அக்கா” என்றான் தம்பி. இந்தத் தடவை அவனுக்கே கேட்டிருக்காது.

வயல்காட்டு ஆட்களுக்கு அலைக்குத் தோளைக் கொடுத்து நிற்கத் தெரியாது. அந்தப் பெண்ணும் பாஸ்டரும் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு அலை வந்து இருவரையும் சுருட்டியது. வெள்ளைச் சேலை மட்டும் மேலே விரிந்தது. வாப்பா ஓடினார். அதற்குள் தம்பி உடுத்த உடுப்போடு உள்ளே பாய்ந்து, அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

இனிக் கரைக்கு இழுத்து வருவான் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்தப் பெண் இருமிக்கொண்டே அவனுக்கு ஏதோ சொன்னார். என்ன என்பதை அலை தின்றுவிட்டது. அவன் கரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு காலை ஊன்றி, வருகிற அலைக்குத் தன் முதுகைக் கொடுத்து, அவரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மற்றப் பக்கம் வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவரைத் தண்ணீருக்குள் சாய்த்தார்.

கொஞ்ச நேரம் கடலில் அந்தப் பெண் இல்லை. 

எழும்பினார். அதே முகம், அதே உயரம். ஆனால் கடலைப் பார்த்து நடுங்கிய பெண் அங்கே இல்லை. பின்னால் அலை எழுவது தெரியாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஒருவர் நின்றார். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. கயிற்றுக்காரர் ஒருவர் தன்னை மறந்து, “சுபுஹானல்லாஹ்” என்றார்.

தம்பி முதலில் கரையேறினான். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பெரிய பையை அவிழ்த்து வந்து, அலை தொடாத இடமாகப் பார்த்து வைத்தான். உள்ளிருந்து காய்ந்த துவாய் ஒன்றை எடுத்து மேலே விரித்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அந்தப் பெண் தண்ணீரில் நின்றபடியே அந்தப் பையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வெகுநேரம் கரைக்கு வரவில்லை.

நான் வீட்டுக்கு ஓடி, நடந்ததையெல்லாம் உம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தத் தம்பி எவ்வளவு நல்லவர், அக்கா நனைந்துவிடுவார் என்று மாற்றுடுப்பும் கொண்டுவந்தாரே என்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மாவின் கை அப்படியே நின்றது.

ஒன்றுமட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை நனைந்ததற்கு அத்தனை சேலைகள் எதற்கு? பையை மூட விடாமல் நீட்டிக்கொண்டிருந்த அவருடைய பழைய கல்யாணப் படம் எதற்கு?