அக்காவின் முகத்தில் விழுந்த வெயில்

நான் இருக்கும் இணையக் குழுவில் வாரம் ஒரு படம் வரும். ஒருவர் தான் எடுத்த படத்தை, கேமரா எப்படிப் பதிந்ததோ அப்படியே, கைவைக்காமல் போடுவார். மற்றவர்கள் அதை இறக்கிக்கொண்டு, வெளிச்சம் கூட்டியோ குறைத்தோ, நிறத்தை மாற்றியோ, வேண்டாததைத் துடைத்தோ, ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் திருப்பிப் போட வேண்டும். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. படம் தந்தவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான காரணத்தையும் எழுதுவார். வென்றவருக்குக் கிடைப்பதெல்லாம் அடுத்த வாரத்துக்குப் படம் தரும் பொறுப்பு மட்டும்தான். வேலை மெனக்கெட்டு இதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறோம்.

இன்னொரு விதியும் உண்டு. படம் தந்தவர் முடிவைச் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எங்கே எடுத்தது, படத்தில் இருப்பது யார், எதற்காக எடுத்தது, ஒரு சொல்லும் கூடாது. சொல்லிவிட்டால் எல்லோரும் அந்தச் சொல்லுக்கு ஏற்ற மாதிரியே திருத்துவார்கள் என்பது குழுவைத் தொடங்கியவரின் கட்சி. அவர் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். விதி என்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவருக்கும் இரக்கப்பட மாட்டார்.

நான் காளவாசலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். குழுவில் பெரும்பாலும் ஆண்கள், மதுரையையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள். பாதிப் பேரை நான் நேரில் பார்த்தது கிடையாது. எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் மட்டும் அக்கா என்பார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும், நானும் திருத்தவில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் வானத்தை ஆரஞ்சு நிறமாக்கிவிடுகிற ஒருவரும் இருக்கிறார். வானமே இல்லாத படத்தில் அவர் சுவரை ஆரஞ்சாக்குவார்.

எங்கள் எல்லோருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டென்றால் அது துடைப்பதுதான். ஒருமுறை ஒருவர் ஒரு தெருவின் படத்தைப் போட்டார். மின்கம்பி, கேபிள் வயர், சுவரொட்டி, குப்பைத்தொட்டி, ஓரமாக நின்ற ஆட்டோ எல்லாவற்றையும் நாங்கள் துடைத்தெடுத்தோம். கடைசியில் மதுரையில் எங்குமே இல்லாத ஒரு தெரு கிடைத்தது. அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டும் எமோஜிகளாகப் போட்டுத் தள்ளினோம். நானும்தான்.

போன வருடம் ஒரு வாரம் நான் வென்றேன். அடுத்த படம் நான் தர வேண்டும் என்ற நிலையில், ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து வந்திருந்தது.

அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன் உதட்டோரத்தில் ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு கண்ணிமையில், இடது கன்னத்தில், விரல்களில் என்று பரவியது. இது ஒட்டுவாரொட்டி இல்லை, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் மருந்து போட்டாள், அலுத்துப்போய் விட்டுவிட்டாள். இதற்காக அவள் வீட்டுக்குள் முடங்கியதெல்லாம் இல்லை. சந்தைக்குப் போவாள், பேரம் பேசுவாள், பஸ்ஸில் இடத்துக்காகச் சண்டை பிடிப்பாள். கேமரா ஒன்றுக்குத்தான் பயப்படுவாள். யாராவது செல்போனைத் தூக்கினாலே அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரி எழுந்து போய்விடுவாள். நான் இத்தனை வருடம் கேமராவும் கையுமாக அலைகிறேன், என் சொந்த அக்காவை எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

நிச்சயதார்த்தத்தன்று அவள் பந்தி விசாரிக்கிறேன் என்று சாப்பாட்டுக் கூடத்திலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லிவிடக் கூடாதே என்று இவளே முந்திக்கொண்டாள். வந்த படங்களில் அத்தான் இருந்தார், நான் இருந்தேன், சமையல்காரர்கூட ஒரு மூலையில் இருந்தார். பெண்ணின் அம்மா இல்லை. அக்கா மகள் என்னிடம் வந்து அழுதாள்.

"கல்யாணத்துக்கும் இப்படித்தேன் பண்ணுவாங்க சித்தி. சடங்கு முடிஞ்சதும் எறங்கிருவேன், போட்டோவுக்கு நிக்க மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. அவங்க இல்லாட்டி எனக்கு ஆல்பமே வேணாம்."

நான் போன அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பத்திரிகைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். இலைகளுக்கு நடுவே வெயில் திட்டுத் திட்டாக அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"யக்கா, ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன்" என்றேன். வழக்கம்போல் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எடுத்துக்க. ஆனா இங்கன இருந்து நகர மாட்டேன்."

"இங்க வெயிலு திட்டுத் திட்டா விழுகுதுக்கா. படம் நல்லா வராது. வாசப்பக்கம் வந்து உக்காரு."

"நல்லா வராதுல்ல? அதுக்குத்தேன் இங்கன உக்காந்துருக்கேன்."

எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கே குழம்பியது. எது வெயில், எது அவளுடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மரநிழலில் எடுத்த முகத்தைத் திருத்துவதுபோல் தலைவலி பிடித்த வேலை வேறு இல்லை, அதனால் எனக்கு உடனே குழுவின் வாரச் சவால் ஞாபகம் வந்தது. அக்காவிடம் விவரத்தைச் சொல்லி, போடலாமா என்று கேட்டேன்.

"யாரு என்னன்னு சொல்லாமத்தேன் போடணுமா?"

"ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

அவள் இன்னும் இரண்டு பத்திரிகைகளுக்கு மஞ்சள் வைத்தாள்.

"அப்பப் போடு. என் மூஞ்சியில எம்புட்டுப் பேரு கைய வைக்கிறாங்கன்னு பாப்போம். எல்லாரும் இதத் துடைச்சுட்டாங்கன்னா, நான் நெனச்சது சரிதேன்னு ஆகும்ல? அதுக்கப்பறம் மேடையில நில்லு, போட்டோவுக்குச் சிரின்னு ஒருத்தரும் எங்கிட்ட வரக் கூடாது. நீயும் வரக் கூடாது, எம் மகளும் வரக் கூடாது."

"யாராவது துடைக்காம விட்டா?"

"விட்டா நிக்கிறேன்."

குழுவை எனக்குத் தெரியும். போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டதே நீதானே என்று மடக்கிவிட்டாள். வீம்பு என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை படத்தைப் போட்டேன். மரநிழல் வெயிலைப் பார்த்ததும் குழு குஷியாகிவிட்டது. "செம சவால் மேடம்" என்று ஒருவர் எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை, பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"சார், இந்த வாரப் படத்தப் பத்தி ஒரு விஷயம்..."

"ஞாயித்துக்கெழம சொல்லுங்க மேடம்."

"இல்ல சார், இது கொஞ்சம் வீட்டு விஷயம்."

"எல்லாருக்கும் ஒரே ரூல்தேன் மேடம். நானே போன மாசம் எம் படத்துக்கு வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அதற்கு மேல் செய்வதற்கும் ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருமங்கலம் போய்ச் சேர்ந்தேன். அதுவரை நான் எதையும் திறந்து பார்க்கவில்லை, பயம்தான் காரணம். அக்கா சமையலை முடித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் படம் ஆரஞ்சுக்காரருடையது. வேப்பிலை முழுக்கத் தங்கமாகியிருந்தது. முகத்தில் இருந்த திட்டுகளையெல்லாம் துடைத்திருந்தார். அடுத்தவரும் துடைத்திருந்தார். அதற்கடுத்தவர் துடைத்ததோடு நிற்காமல் மாவு சலித்த மாதிரி முகத்தை வழவழப்பாக்கி, விரலில் இருந்த மஞ்சளையும் எடுத்துவிட்டிருந்தார். பேராசிரியர் வெகு நேர்த்தியாகச் செய்திருந்தார். சுருக்கம் ஒன்றுகூடக் குறையவில்லை, திட்டு மட்டும் ஒன்றுகூட மிச்சமில்லை. சாதாரணமாக அந்த வேலையைப் பார்த்திருந்தால் நான் சொக்கிப்போயிருப்பேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். அக்கா அடுத்தது, அடுத்தது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைசிப் படம் பரவை வெங்காய மண்டிக்காரருடையது. அவரிடம் கணினி கிடையாது, மண்டியில் லோடு இறங்கும்போது உட்கார்ந்து செல்போனிலேயே செய்கிற ஆள். படத்தைத் திறந்ததும் எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அக்காவின் இடது கன்னத்தில் இருந்த வெண்புள்ளி அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் பளிச்சென்று. வலது கன்னத்திலும் அதே மாதிரி இரண்டு திட்டுகள் இருந்தன. வலது கன்னத்தில் அவளுக்கு ஒன்றுமே கிடையாது. கீழே தான் செய்ததை அவர் எழுதியிருந்தார், நான் படித்துக் காட்டினேன்.

"இடது பக்கம் வெயிலு ரொம்ப அழகா விழுந்துருக்கு. வலது பக்கம் பத்தல. அதான் அங்கிட்டும் ரெண்டு திட்டு வெளிச்சம் ஏத்திவிட்டேன். தப்பிருந்தா சொல்லுங்க."

அக்கா திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். வலது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அடப்பாவி மனுசா, எனக்கு இல்லாததையும்ல சேத்துவிட்டுட்டான்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அத்தான் என்னவோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்த ஆளுக்குத்தேன் பரிசு" என்றாள்.

"காரணம் எழுதணும்க்கா."

"நான் சொல்றேன், அப்படியே அடி. படத்துல இருக்கிறது எங்க அக்கா. அவங்க கன்னத்துல, ஒதட்டுல, வெரல்ல இருக்கிறது வெயிலு இல்ல, வெண்புள்ளி. அத அழகா இருக்குன்னு சொன்ன மொத ஆளு இவருதேன். அதுனால இவருக்கு."

அப்படியே அடித்தேன், பேச்சு வழக்கைக்கூட மாற்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

முடிவைக் குழுவில் போட்டேன். பிறகு மளமளவென்று மன்னிப்புகள் வந்து விழுந்தன. பேராசிரியர் நீளமாக எழுதினார், எழுதியதை அழித்தார், திரும்ப எழுதினார். ஆரஞ்சுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சூரிய உதயப் படத்தைப் போட்டார். மண்டிக்காரர் நேரடியாக எனக்குப் போன் செய்துவிட்டார்.

"யக்கா, சத்தியமா தெரியாதுக்கா. வெயிலுன்னு நெனச்சுப்புட்டேன். அவங்க மனசு சங்கடப்பட்டிருந்தா..."

அக்கா போனை என்னிடமிருந்து பிடுங்கினாள். "அண்ணே, நாந்தேன் படத்துல இருக்கிறது. நீங்க தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒங்களுக்குக் குடுத்துருக்க மாட்டேன். கல்யாணத்துக்குப் பத்திரிக அனுப்புறேன், குடும்பத்தோட வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மேடையைப் பற்றி அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் முறுக்கிக்கொள்வாளோ என்று நானும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று பவுடர்கூடப் போடாமல் வந்து நின்றாள். தாலி கட்டி முடிந்ததும் இறங்கிவிடுவாள் என்று அக்கா மகள் அவள் கையைப் பிடித்தபடியே இருந்தாள். அக்கா இறங்கவில்லை. வந்தவர்களையெல்லாம் மேடைக்கு இழுத்து, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று வரிசை பிரித்து, நடுவில் தான் நின்றுகொண்டாள். மண்டிக்காரர் மனைவியோடு வந்திருந்தார். அவரைக் கூச்சப்படவிடாமல் தன் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுக்க வைத்தாள். என்னை ஒரு படத்துக்குக்கூடக் கேமராவைத் தொட விடவில்லை, அன்றைக்கு நான் சித்தி மட்டும்தான் என்று சொல்லிவிட்டாள். அன்று நான் இருந்த சந்தோஷத்தில் இரண்டு தடவை சாப்பிட்டேன்.

ஆல்பம் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கனமான, பளபளக்கும் ஆல்பம். ஸ்டுடியோக்காரர் நல்ல வேலைக்காரர், யாரையும் விட்டுவிடாமல் எடுத்திருந்தார். முதல் பக்கத்தில் அக்கா மகளும், அவளை ஒட்டி அக்காவும். நான் பார்த்தவுடனே கண்டுகொண்டேன். கன்னத்தில் ஒன்றுமில்லை, உதட்டில் ஒன்றுமில்லை, விரல்களும் ஒரே நிறம். அடுத்த பக்கமும் அப்படியே, கடைசிப் பக்கம்வரை அப்படியே. அவரை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நல்லது செய்கிறோம் என்று அவராகவே செய்திருந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் அம்மாவும் மகளும் எவ்வளவு லட்சணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பக்கங்களை நிதானமாகப் புரட்டினாள். மூடிவைத்துவிட்டு, ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டாள். குரலில் கோபமே இல்லை.

"தம்பி, ஆல்பம் வந்துருச்சு. எல்லாரும் இருக்காங்க. பொண்ணோட அம்மாவத்தேன் காணோம்."

அவர் பதறிவிட்டார், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "என்னம்மா சொல்றீங்க? எல்லாப் பக்கத்துலயும் இருக்கீங்களேம்மா. மொத பக்கத்துலயே பொண்ணு பக்கத்துல நிக்கிறீங்க, பாருங்க."

"அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாது தம்பி. காலையில இருந்து மேடையில நின்னது நானு. என்னைய வச்சுத் திரும்ப அடிச்சுக் குடுங்க."