எரிந்த மேட்டின் செம்மஞ்சள் கிண்ணங்கள்

வறண்ட கச்சான் காற்று அடித்த நாட்களில், பலாபத்வலை ஊருக்கு மேலே பஸீருடைய மேட்டுக்காணியில் மானாப்புல் பற்றி எரிந்தது. யார் வைத்த தீ என்று கடைசிவரை தெரியவில்லை. நல்ல மழை விழுந்து, கரி மண்ணில் பாசி பச்சைப் பாயாகப் படர்ந்த பிறகுதான் அவருடைய தங்கை ஸஜீதா அந்தப் பக்கம் போனாள். கருகிய பலா தளிர்த்திருக்கிறதா என்று பார்க்கப் போனவள், பாசி முன்னால் குந்தியதோடு சரி, எழும்பவேயில்லை.

பாசிக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ முளைத்திருந்தது. கடுகை விடச் சிறியது. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியும் விளிம்பு கட்டிய ஒரு கிண்ணம்!

ஸஜீதாவுக்கு மாத்தளை டவுனில், ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நுணுக்குக்காட்டிக்குள் பார்த்துப் பார்த்தே பழகிய கண். இரத்த அணு எண்ணிக்கையில் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும், வெளியே நோயாளி எவ்வளவு முணுமுணுத்தாலும், மறுபடி எண்ணிப் பார்க்காமல் ரிப்போர்ட் கொடுக்கமாட்டாள். நிலையத்தில் ஒதுக்கிப்போட்ட பழைய நுணுக்குக்காட்டி ஒன்றை முதலாளி அவளுக்கே கொடுத்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோன கிண்ணங்களை அதன் கீழே வைத்தாள்.

படத்தைக் காளான் பார்ப்பவர்களின் முகநூல் குழுவிலும் போட்டாள். பல்கலைக்கழகமொன்றில் காளான் ஆய்வு செய்யும் டயனா அன்றைக்கே அவளைப் போனில் கூப்பிட்டாள்.

"இது பாசியோட சேர்ந்து வாழுற கிண்ணக் காளான், ஸஜீதா. படத்தை வச்சு இனம் சொல்ல ஏலாது. முத்தின வித்தி வேணும். எந்தப் பாசியில ஒட்டியிருக்குன்னும் தெரியணும்."

"பார்த்துச் சொல்றேன் மிஸ்."

சொல்வது லேசு. முதலில் எடுத்த கிண்ணங்களெல்லாம் பிஞ்சு, காளானுக்கு விதைபோன்ற அந்த வித்தியே இல்லை. வேலை முடிந்து பஸ் பிடித்து மறுபடியும் மேட்டுக்குப் போய், முத்தியதாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். அதற்குப் பிறகுதான் குழப்பம். ஒரு சிலைட்டில் வித்திகள் நெல்மணி மாதிரி நீண்டு, வழவழப்பாக இருந்தன. இன்னொன்றில் உருண்டை. தோல் நோய்ப் பூஞ்சணம் பார்க்கிற நீலச் சாயத்தைக் கொஞ்சம் விட்டபோது, உருண்டைகளின் மேலே வலை பின்னியதுபோல வரிகள் எழும்பின.

"ஒரே காளான்ல ரெண்டு விதம் வராதே," என்றாள் டயனா. "சிலைட் எங்கேயோ மாறியிருக்கும்."

ஸஜீதாவுக்குச் சுருக்கென்றது. அடுத்தவர் இரத்தத்தை இத்தனை காலம் மாற்றாமல் பார்த்த கை அல்லவா! ஆனாலும், மாறவில்லை என்று சத்தியம் பண்ணவும் அவளால் முடியவில்லை. எல்லாக் கிண்ணங்களையும் ஒரே டப்பாவில் அள்ளிப்போட்டது அவள்தானே. சிலைட்டுகளையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதற்குள் பஸீர் மேட்டில் குழி வெட்ட ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார்.

"மழை ஓயுறதுக்குள்ள மிளகுக் கன்னு வைக்கணும் தங்கச்சி. பாசிக்காக மிளகு காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஞாயிறு வரைக்கும் பொறுங்க நானா. மண்வெட்டி பட்டா எல்லாம் போயிடும்."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"அதுதான் நானா, எனக்கே இன்னும் தெரியாது. தெரியாம விடமாட்டேன்."

பஸீர் தலையைச் சொறிந்தார். கீழ்ப்பக்கத்திலிருந்து வெட்டச் சொல்லி ஆட்களை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விடவேயில்லை. ஒரு கையில் குடையும் மறு கையில் ஒரு கத்தை ஈர்க்குமாக ஸஜீதா மேடேறினாள். அட்டை காலில் ஏறியது, உதறிவிட்டு முழங்காலிட்டாள். கிண்ணத்துக்கு ஓர் ஈர்க்காக, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அடையாளம் கீறிக் குத்தினாள். ஒவ்வொரு கிண்ணத்தையும் அது நின்ற பாசியோடு சேர்த்துக் கிள்ளி, தனித்தனிக் குப்பியில் இட்டு, ஈர்க்கின் அடையாளத்தையே குப்பியிலும் எழுதினாள். நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

வீட்டில் ஒரு குப்பியை மூடாமல் அடுத்ததைத் திறக்கவில்லை. நீண்ட காம்பில் தலை கவிழ்ந்த பாசியில் நின்ற கிண்ணங்களில் உருண்டை வித்தி. வெள்ளி பூசியதுபோல நுனி வெளுத்த குட்டைப் பாசியில் நின்றவற்றில் நீள வித்தி. ஒரு குப்பிகூடப் பிசகவில்லை. சிலைட் மாறவில்லை, வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு காளான்கள் ஒரே மேட்டில் பக்கம் பக்கமாக முளைத்திருந்தன.

படங்களைப் பார்த்து டயனா போனிலேயே கத்திவிட்டாள். "உருண்டை வித்தி லாம்ப்ரோஸ்போரா! மத்தது ஒக்டோஸ்போரா! ரெண்டும் ரெண்டு பேரினம்! சிலைட் மாறிடுச்சுன்னு நான் நினைச்சது பிழை, ஸஜீதா."

"நானும் அப்படித்தான் மிஸ் நினைச்சேன். அதான் திரும்பப் பார்த்தேன். அதுக்குள்ள எந்த இனம்னு சொல்லலாமா?"

"இப்பச் சொல்ல ஏலாது. வேற இடத்துல எரிஞ்ச மண்ணுலயும் இதையே எடுத்து ஒப்பிடணும். காலம் எடுக்கும்."

"எடுக்கட்டும் மிஸ்."

பஸீர் மேடு முழுக்க மிளகு நட்டார். கலேவெலப் பக்கம், காடு வெட்டிப் பயிரிடும் சேனையொன்று எரிந்து கிடக்கிறது என்று செய்தி கொண்டுவந்ததும் அவர்தான். அடுத்த லீவு நாளில், குப்பிகளைச் சுமந்துகொண்டு ஸஜீதா அங்கே போகத் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினாள். "எரிஞ்ச காட்டுல உங்களுக்கு என்ன வேலை?" என்று, அவள் போகிற இடத்தை விசாரித்தறிந்த பக்கத்து சீட் அம்மா கேட்டதும், போனை எடுத்துப் படத்தைக் காட்டத் தொடங்கினாள்.