மேலிருந்து கீழாக எழுதிய நாமம்

எங்கள் மகளுக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. எண்பதுகளின் கடைசி அது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நான்கு தறி பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு தறி பார்ப்பதில் கைவேலை கொஞ்சம்தான். இழை அறுகிறதா, குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. அந்தச் சத்தத்தில் காது உதவாது. கண் ஒரு தறியில் இருக்கும்போதே மனசு அடுத்த மூன்றிலும் இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு வெளியே வரும்போது உடம்பில் வலி என்று ஒன்றும் இருக்காது. ஆனால் டீக்கடைக்காரர், "டீயா, காப்பியா?" என்று கேட்டால் பதில் சொல்ல வராது. அவர் எதைக் கொடுக்கிறாரோ அதைக் குடித்துவிட்டு வருவேன்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டினோம். பெரிய டாக்டர் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாத்திரை எழுதினார். கூடவே கட்டம் போட்ட அட்டை ஒன்றையும் கொடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டம். மாத்திரை கொடுத்தவுடன் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். வலிப்பு வந்தால் ஓரத்தில் குறிக்க வேண்டும். மாதம் ஒரு திங்கட்கிழமை அட்டையோடு வர வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். என் மருந்து இன்னொன்றும் இருந்தது. திருச்சுழி கோயிலில் சாமி முன்னால் நின்று, பிள்ளைக்குக் குணமானால் லட்சம் தடவை 'ஓம் நமசிவாய' எழுதிக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். குணமாகும்வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை. கோயில் வாசலிலேயே கோடு போட்ட நோட்டு வாங்கி, அன்றே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

காலை மாத்திரை என் மனைவியின் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் பரளச்சிப் பக்கம் களையெடுப்புக்குப் போய்விட்டு அவள் கடைசி பஸ்ஸில்தான் திரும்புவாள். அதனால் சாயங்கால மாத்திரை என்னுடையது. அந்த மாத்திரை கசக்கும். பிள்ளை துப்பிவிடுவாள். பொடித்து, வெல்லத்தில் குழைத்து, ஓடுகிறவளைப் பிடித்து மடியில் உட்காரவைத்து, ஏதாவது கதை சொல்லிக்கொண்டே ஊட்ட வேண்டும். அரைமணி நேரப் பாடு. தறியை விட்டு வந்தவுடன் அது மலை மாதிரித் தெரியும். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கொடுப்போம் என்று நினைத்து நோட்டை எடுப்பேன். நூறு நாமம் எழுதி நிமிர்ந்தால் பிள்ளை தூங்கியிருப்பாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி அழவிட வேண்டாம், சாமி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவேன். இப்படி எத்தனை நாள் என்று எண்ணவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது முறை மதுரைக்குப் போகும்போது அட்டை பாதிக்குமேல் வெறுமையாகக் கிடந்தது. காரியாபட்டி தாண்டியதும் அதைத் தொடையில் வைத்து டிக் போட ஆரம்பித்தேன். முதலில் காலைக் கட்டங்களை மேலிருந்து கீழே வரிசையாகப் போட்டேன். பிறகு சாயங்காலக் கட்டங்களை அதேபோல. மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; காலை டிக்கும் என் வேலைதான்.

"பஸ்ஸுலயும் சாமி பேருதானா? இந்தக் குலுக்குல எழுதுனா சாமிக்கே வாசிக்க வராது" என்றாள்.

நான் சிரித்து வைத்தேன்.

பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்தார். டிக் எல்லாம் நிறைந்திருந்தது. வலிப்பு மட்டும் நான்கு தடவை வந்திருந்தது. "மாத்திரை ஒழுங்காப் போயும் வருதுன்னா அளவு பத்தலை. கூட்டித்தான் ஆகணும். கூட்டினா பிள்ளை கொஞ்சம் தூங்கி வழியும், படிப்புல மந்தமாத் தெரியும். வேற வழியில்ல. வெளிய இருங்க, மதியம் சீட்டு எழுதித் தாரேன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். நான் பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை. கட்டம் இருந்தது, நிரப்பினேன், அவ்வளவுதான்.

வராந்தாவில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா வந்தார்கள். மூளை எப்படிக் களைக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். வியாதி இல்லாத ஆட்களும் வேண்டுமாம். ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்றார்கள். சும்மா இருக்கிற நேரம்தானே என்று போனேன்.

ஒரு தாள் நிறையப் பொடிப்பொடி வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு வால். வால் வலப்பக்கம் இருக்கும் வட்டத்தை மட்டும் அடிக்க வேண்டும். ஒரு தாள் முடிந்தால் இரண்டு தாளை முன்னால் வைப்பார்கள். ஒன்றில் வட்டம் நெருக்கமாக இருக்கும். அதை எடுத்தால் இரண்டு பொட்டலம் சேவு. மற்றதில் வட்டம் குறைவு. அதற்கு ஒரு பொட்டலம். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

"கார்த்திகைச் சோமவாரம்மா, ஒருபொழுது. சேவு பிள்ளைக்கு."

முதல் நான்கு தடவையும் கஷ்டமான தாளையே எடுத்தேன். தறி பார்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று இருந்தது. ஐந்தாவது தடவை லேசான தாள் என் முன்னால் இருந்தது. நான்தான் எடுத்திருக்கிறேன்.

"ஏன் இதை எடுத்தீங்க?"

"தெரியலம்மா. கை அதுக்குப் போயிருச்சு."

"கை வலிக்குதா? கண்ணு?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இன்னொரு ஷிப்டு வேணாலும் பார்ப்பேன்."

அவர்கள் சிரித்தார்கள். "அதைத்தான் பார்க்கிறோம். கையும் கண்ணும் களைக்கிறதுக்கு முன்னாடி வேற ஒண்ணு களைச்சிருது. ஒரு வேலைக்கு எவ்வளவு பாடு, அதுல என்ன வரும்னு மூளை எடை போட்டுக்கிட்டே இருக்கும். ரொம்ப நேரம் கவனமா இருந்த மூளைக்கு அந்தத் தராசு சாஞ்சிரும்னு நினைக்கிறோம். வரவு அதேதான், பாடு மட்டும் பெரிசாத் தெரியும். சாஞ்சது அவங்களுக்கே தெரியாது."

ஐந்து நிமிஷம் ஓய்வு என்றார்கள். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

"ஓய்வு எடுக்கச் சொன்னா எழுதுறீங்களே?"

"எனக்கு இதுதாம்மா ஓய்வு."

நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். முன்பக்கங்களைப் புரட்டினார்கள், பின்பக்கங்களைப் புரட்டினார்கள். "ஆரம்பத்துல ஒவ்வொரு வரியா எழுதியிருக்கீங்க. இங்க இருந்து மாறிருச்சு பாருங்க. 'ஓம்' மட்டும் மேல இருந்து கீழ. அப்புறம் 'நம' கீழ வரைக்கும். அப்புறம் 'சிவாய'. பேனா பாதியில தீர்ந்து மை மாறியிருக்கு, அதனால தெரியுது. நானும் பரீட்சை சமயத்துல சாமி பேரை இப்படித்தான் எழுதியிருக்கேன். சீக்கிரம் முடியும்ல?"

அவர்கள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் எப்போது அப்படி மாறினேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான் இருந்தது. ஒரு வரியிலும் முழு நாமத்தை நான் சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் காரியாபட்டி பஸ்ஸும், தொடையில் வைத்த அட்டையும், மேலிருந்து கீழே இறங்கிய என் கையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்த அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே ஒருவர் என் பிள்ளைக்கு மருந்து கூட்டிக்கொண்டிருக்கிறார்.

டாக்டரம்மாவிடம், "கொஞ்சம் வெளிய போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மனைவி வராந்தாத் தரையில் இருந்தாள். உள்ளேயிருந்து கொடுத்தனுப்பிய என் முதல் பொட்டலத்தைப் பிள்ளை பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அந்த அட்டை பொய்" என்றேன்.

"எந்த அட்டை?"

"மாத்திரை அட்டை. சாயங்காலம் பல நாள் குடுக்கல. பஸ்ஸுல உக்காந்து போட்டேன்."

"நானு சாமி பேருன்னு நெனச்சு, கை இடிச்சிரக் கூடாதுன்னு ஒடுங்கி உக்காந்துக்கிட்டு வந்தேன்" என்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "எந்திரிச்சு வாங்க. டாக்டரு கெளம்புறதுக்குள்ள சொல்லணும். நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன். எனக்குப் படிக்கத்தான் வராது, பேச வரும்."

பெரிய டாக்டர் சீட்டு எழுதி முடித்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

"சரியாத் தெரியலைங்க. வாரத்துல ரெண்டு, மூணு நாள் இருக்கும்."

"காலை மாத்திரை?"

"அது நான் குடுக்கது. ஒரு நாளும் தவறல" என்றாள் மனைவி.

அவர் சீட்டைக் கிழித்தார். "முழு அளவுக்கு உடம்பு பழகிருச்சுன்னு நம்பி ரெண்டு பங்கா எழுதியிருந்தேன். இதை நீங்க ஒழுங்காக் குடுத்திருந்தா பிள்ளை எந்திரிச்சு நடந்திருக்காது" என்று சொன்னார். வேறு ஒன்றும் திட்டவில்லை. புது அட்டை ஒன்றைக் கொடுத்தார். "பழைய அளவே இருக்கட்டும். விட்டுப்போன நாளைக் காலியா விட்டுட்டு வாங்க."

ஊர் திரும்பிய பிறகு நான் நிறைய யோசித்தேன். சாமியை நம்பித்தான் மாத்திரையை விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. உண்மை அதுவல்ல. இரண்டு வேலை முன்னால் இருந்தது. ஒன்று பாடு, ஒன்று லேசு. சாமி பேரை நான் லேசான தாளாக ஆக்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு பக்தி என்று பேர் வைத்தேன். டாக்டரம்மா சொன்னது என்னைக் குற்றத்திலிருந்து விடுவித்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அசதியாக இருக்கிற மனிதன் தன் மனசு சொல்வதை நம்பக் கூடாது என்று தெரிந்தது.

அடுத்த சோமவாரம் திருச்சுழிக்குப் போய்ச் சாமியிடம் நடந்ததைச் சொன்னேன். மேலிருந்து கீழே எழுதிய பக்கங்கள் கணக்கில் இல்லை என்றேன். இனி ஒரு நாளைக்கு ஐந்து நாமம், வாயால் சொல்லி, முழுதாக, காலையில் தறிக்குப் போகுமுன். லட்சம் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

மாத்திரைக்கும் ஒரு வழி செய்தேன். வீட்டுக்குள் வந்தால் உட்காருவதில்லை. செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்குப் போய் மாத்திரையைப் பொடித்துவிடுவேன். பொடித்துவிட்டால் ஊட்டித்தான் ஆக வேண்டும். உட்கார்ந்தால் தராசு சாய்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அப்படியும் மூன்று நாள் தவறியது. இரண்டு நாள் கொட்டகையில் ஆள் வராமல் ஆறு தறி பார்த்த நாள். மூன்றாவது நாளுக்குக் காரணமே இல்லை.

அடுத்த மாதம் பஸ்ஸில் அந்த மூன்று கட்டங்களும் என்னையே பார்த்தன. கை குறுகுறுத்தது. மனைவி கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

பெரிய டாக்டர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வலிப்பு இரண்டு தடவை வந்திருந்தது. இரண்டும் காலிக் கட்டங்களுக்கு மறுநாள். விரலால் தொட்டு அதைக் காட்டினார்.

"பழைய அளவே போதும்" என்றார். "பிள்ளை பள்ளிக்கூடத்துல என்ன படிக்குது?"

"ஒண்ணாப்பு. வாய்ப்பாடு சொல்லுறா" என்றாள் மனைவி. "இவுகளை விட நல்லாவே சொல்லுறா."